கங்காணி அறியாத குளியல்

சுவருக்கு அந்தப் பக்கம் குணவதி குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டாலே தனக்கொடிக்கு வயிறு எரியும். திறந்த கையோடு சுடுதண்ணீர். பச்சைத் தண்ணீர் வாளியில் விழுந்தால் கண்ணாடி வளையல் குலுக்கினது போலக் கலகலவென்று கேட்கும். சுடுதண்ணீர் அப்படி இல்லை. கம்பளிக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி மெத்தென்று விழும். குணவதி வீட்டில் எப்போதும் கம்பளிச் சத்தம்தான். இந்த வீட்டில் வளையல் சத்தம்.

"கேளு, மகாராணிக்கு வந்துருச்சு," என்றாள் தனக்கொடி.

புருஷன் மருதை போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டினான். "அந்தம்மா அவங்க வீட்டுல குளிக்கிறாங்க. உனக்கு எங்கடி வலிக்குது?"

"கையில வலிக்குது. ஒண்டிக்கட்டைக்குக் கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி. காலமெல்லாம் கேரட்டு கழுவுறவளுக்கு ஐஸுத் தண்ணி. நல்லா இருக்குய்யா நியாயம்."

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் கொட்டகையில் அவளுக்கு வேலை. தோட்டத்திலிருந்து லாரி எந்நேரம் வருகிறதோ அந்நேரம் போக வேண்டும். மலைத் தண்ணீரில் கை முங்கி முங்கி, விரல் கணுவெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைச் சுடுதண்ணீரில் வைத்தால், உயிர் ஒவ்வொரு விரலாகத் திரும்பி வரும். அந்த ஒரு சுகத்தைத் தவிர அவள் சாமியிடம்கூட எதையும் கேட்டதில்லை.

மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போன பிறகு, மிச்சமிருந்த சனங்களை இந்த உயரக் கட்டடங்களில் ஏற்றிவிட்டார்கள். கொதிகலன் கீழே பள்ளத்தில் இருந்தது. தனக்கொடி வீடு பத்தாவது மாடி. குழாயைத் திறந்தால், இடையில் நிற்கிற பச்சைத் தண்ணீர் அத்தனையும் ஓடித் தீர்ந்த பிறகுதான் சுடுதண்ணீர் மேலே வந்து சேரும். அப்படி ஓடுவதற்குக் காத்திருப்புத் தண்ணீர் என்று பெயர். ஊற்றுகள் வற்றிப்போன மலையில், ஒரு கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு தொட்டித் தண்ணீர் இப்படி வெறுமனே சாக்கடையில் போனது. அதைத் தடுக்கத்தான் ஓர் இயந்திரத்தை வைத்தார்கள்.

படிக்கட்டிலும் கைப்பிடியிலும் கதவிலும் அதற்குக் கண் உண்டு. யார் ஏறுகிறார்கள், எப்படி ஏறுகிறார்கள், கதவைத் தாண்டி எத்தனை எட்டில் குழாய்க்குப் போவார்கள் என்று பார்த்துப் பழகிக்கொள்ளும். ஆள் குழாய்க்கு வரும் முன்னாலேயே சுடுதண்ணீரை மேலே அனுப்பி வைத்துவிடும். ஒரு சொட்டு வீணாகாது. எந்நேரமும் ஆளையே பார்த்துக்கொண்டிருக்கிற சாமானுக்குத் தோட்டத்துச் சனங்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கங்காணி என்றார்கள்.

பனிக்காலம் வந்தால் மட்டும் ஒரு சிக்கல். கொதிகலனுக்கு எல்லா வீட்டுக்கும் அனுப்பத் தெம்பு கிடையாது. மாடிக்கு இரண்டு வீடு. பனி பிறக்கிற நாள்வரைக்கும் இரண்டில் எந்த வீட்டில் காத்திருப்புத் தண்ணீர் குறைவாக ஓடியிருக்கிறதோ, பனி முடிகிறவரை அந்த வீட்டுக்கு மட்டும்தான் கங்காணி முந்தி அனுப்பும். அதிலும் வரிசை கிடைத்தவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் திறந்து பச்சைத் தண்ணீரை ஓடவிட்டால், வரிசை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். போன பனியில் பத்தாவது மாடியின் வரிசை குணவதிக்கு. அதற்கு முந்தின பனியிலும் குணவதிக்கு.

மழை ஓய்ந்து, பனிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது குழாய்க் கணக்குப் பார்க்க பெஞ்சமின் வந்தான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தனக்கொடி பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் ஒரு சொட்டு வீணாக்குறது இல்ல. ஓடுற தண்ணிய வாளியில புடிச்சி வீடு துடைக்கிறேன், துணி அலசுறேன். அதைக் கணக்குல சேத்தியா?"

"வாளி இருக்குறது கங்காணிக்குத் தெரியாதுக்கா. குழாய்ல என்ன ஓடுச்சுங்கிறதுதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப உங்க கங்காணிக்குப் பாதிக் கண்ணு குருடு."

பெஞ்சமின் சிரித்தான். "உங்களால அது எத்தனை தடவ ஏமாந்திருக்கு தெரியுமா? நீங்க படியேறுறதப் பாத்து ஆசையா சுடுதண்ணிய அனுப்பி வைக்குது. நீங்க வந்து அப்படியே பாயில விழுந்துடுறீங்க. ஒரு நாள் அடுப்புகிட்ட போறீங்க. ஒரு நாள் மாமாகிட்ட சண்டைக்கு நிக்கிறீங்க. அனுப்புன தண்ணி குழாய்லயே ஆறிப்போகுது. ரெண்டு மூணு தடவ ஏமாந்தா யாருக்கா அனுப்புவா?"

"லாரி எப்ப வரும்னு லாரிக்காரனுக்கே தெரியாது. நான் எங்க போயி நேரத்த வாங்குறது?"

"நாம செஞ்சு காட்டுறதத்தான் அது கத்துக்கும். ஒரே மாதிரி நடக்குற காரியம்னா ஒருக்கா பாத்தாலே போதும், அடுத்த தடவ மோப்பம் புடிச்சிரும். பக்கத்து வீட்டுல பாத்தாலும் புடிச்சிரும். ஆனா காட்டவே காட்டாதத அது எங்கக்கா போயித் தெரிஞ்சுக்கும்?"

அவன் சொன்னதில் பாதி தனக்கொடி காதில் ஏறவில்லை. அவள் கண் குணவதி வீட்டு வாசலில் இருந்தது. அங்கே ஒரு ஜோடி செருப்பு. எப்போது பார்த்தாலும் அதே இடத்தில், அதே ஒரு ஜோடி.

குணவதி தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. வாழ்க்கையே முத்திரை குத்தினது போல. காலையில் குளியல், பிறகு கோயில், பிறகு ஒரு கைப்பிடிச் சோறு, சாயங்காலம் கால் கழுவி விளக்கேற்றுவது. கங்காணி அவளுக்கு ஒரு நாளும் தப்பினதில்லை. படியில் எதிர்ப்பட்டால் தனக்கொடியைப் பார்த்துச் சிரிப்பாள். இவள் அந்தக் கையைத்தான் பார்ப்பாள். வெடிப்பில்லாத கை. காய்ச்சின பால் மாதிரி மினுங்குகிற கை. அன்றைக்கு வெறும் சோறும் இறங்காது தனக்கொடிக்கு.

"அவளால முடியும்னா என்னாலயும் முடியும்," என்று ஒரு நாள் கச்சை கட்டினாள்.

முதலில் லாரி. கொட்டகையில் கூட வேலை பார்க்கிற செவந்தி அவளுக்குப் பால்யத் தோழி. லயன் வீட்டில் அடுத்தடுத்த அறையில் வளர்ந்தவர்கள்.

"பனி பொறக்குற வரைக்கும் என் விடியக்கால லோடு எல்லாம் நீ பாத்துக்கடி. உன் பகல் லோட நான் பாத்துக்குறேன்," என்று கேட்டாள்.

செவந்தி கேரட்டைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள். அவள் புருஷன் பழனியாண்டிக்கு நெஞ்சுச் சளி. விடியற்காலையில்தான் மூச்சு முட்டும். "கங்காணிகிட்ட நல்ல பிள்ளைன்னு பேரு வாங்கப் போறியாக்கும்? சரி போ. உன் கையப் பாத்தா எனக்கே பாவமாத்தான் இருக்கு," என்றாள்.

அதன் பிறகு தனக்கொடி குணவதியைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தாள். குணவதி எழுந்தால் எழுந்தாள். குணவதி குழாயை மூடினால் இவள் திறந்தாள். தங்கச்சி பிள்ளைகளோடு வருகிறேன் என்றாள். வேண்டாம், பனி முடியட்டும் என்று தனக்கொடி தடுத்துவிட்டாள். மருதை ஒரு நாள் வெளியிலிருந்து சேறும் சகதியுமாக வந்து கையை நீட்ட, குழாயை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நேரமில்லாத நேரத்துல தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

"அடியே, நான் புருஷனா, லாரியா? நேரம் பாத்து வர்றதுக்கு?"

கட்டடமே இப்படித்தான் ஆகியிருந்தது. இதில் கண்கொண்டு பார்க்க முடியாத கூத்து ஒன்று உண்டு. துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் எதையும் தொடக் கூடாது. அந்தக் குளியலுக்கு ஏது நேரம்? சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? நேரங்கெட்டுக் குளித்தால் வரிசை போகும். அதனால் எழவு வீட்டிலிருந்து வருகிறவர்கள், கைப்பிடியைத் தொடாமல் படியேறி, அவரவர் மாடிப் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். அவரவர் குளியல் நேரம் வருகிறவரை. சில நாள் படிக்கட்டு முழுக்க ஆட்கள், தலைவிரி கோலமாக, கொட்டாவி விட்டுக்கொண்டு, யாரும் யாரையும் தொடாமல். "உங்களுக்கு எப்பண்ணே?" "எனக்குச் சாயங்காலம்தான். உங்களுக்கு?" குளிரில் நடுங்கி நடுங்கி இரண்டு பேர் படுக்கையில் விழுந்ததும், பலபேர் துக்க வீட்டுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஆள் அனுப்பி விசாரித்தால் காய்ச்சல் என்பார்கள். பாடை தூக்க நாலு பேர் தேடுகிற காலம் வந்தது.

தனக்கொடி கணக்கு குணவதி கணக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. நெருங்கினதே தவிர முந்தவில்லை. பெஞ்சமின் வந்து பார்த்துவிட்டு, "ஒரு வாளி வித்தியாசம்தான்க்கா. அந்தம்மா ஒரே ஒரு நாள் தப்பு பண்ணா வரிசை உங்களுக்கு," என்றான். தனக்கொடி அன்று கோயிலுக்குப் போய், வாய் திறந்து சொல்ல வெட்கப்படுகிற வேண்டுதல் ஒன்றை வைத்தாள்.

கணக்கு முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. செவந்தியின் கொழுந்தன். மருதைதான் போய்த் திறந்தான். தனக்கொடி உள்ளே நின்று கேட்டாள்.

"அண்ணன் போயிருச்சு மாமா. விடியக்காலைல மூச்சு முட்டியிருக்கு. அண்ணி லோடுக்குப் போயிருந்துச்சு. வந்து பாக்கையில..." அவன் முடிக்கவில்லை. "அக்காவ வரச் சொல்லுங்க. அண்ணி அக்கா பேரத்தான் சொல்லிச் சொல்லி அழுவுது."

விடியற்கால லோடு. தனக்கொடியின் லோடு. அவள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போனால் செவந்தி முகத்தை எப்படிப் பார்ப்பது? போய்விட்டு வந்தால் குளிக்க வேண்டும். படியில் உட்கார்ந்திருக்கலாம்தான், ஆனால் அழுத உடம்போடு அத்தனை நேரம் உட்கார முடியாமல் எழுந்து வந்து குழாயைத் திறந்துவிட்டால்? இத்தனை நாள் கட்டிக்காத்தது ஒரு வாளியில் போய்விடுமே. இரண்டு நினைப்பில் எது முதலில் வந்தது என்று பின்னாலும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மருதை திரும்பிப் பார்த்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மருதை வெளியே பார்த்துச் சொன்னான். "அவளுக்குக் காய்ச்சல்ப்பா. நான் வர்றேன்."

மருதை போனான். தூக்கிவிட்டு வந்தான். அவன் நேரம் வருகிறவரை படியில் உட்கார்ந்திருந்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று பட்டப்பகலில்தான் அது நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறந்தது. குணவதிக்கு அது நேரமே இல்லை. தனக்கொடி காதைச் சுவரில் வைத்தாள். வளையல் சத்தம்! கலகலவென்று பச்சைத் தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. உடம்பில் விழும் சத்தம், மூச்சு இழுக்கும் சத்தம், மறுபடி விழும் சத்தம்.

"ஓடுது," என்றாள் தனக்கொடி. "ஓடட்டும். நல்லா ஓடட்டும்."

அவள் மனது குதித்தது. குதித்ததை அவளே பார்த்தாள். பார்த்தும் அடக்கவில்லை.

பனி விழுந்த முதல் நாள் வரிசை அவளுக்கு வந்தது. குழாயைத் திறந்தாள். திறந்த கையோடு சுடுதண்ணீர். இரண்டு கையையும் உள்ளே விட்டு, கண்ணை மூடி நின்றாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் வந்தது. ஆனாலும் ஏதோ போதவில்லை. குணவதிக்கு இல்லை என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் இந்தச் சூடு முழுசாக ஏறும்.

ஒரு சொம்பில் சுடுதண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"பனி சாஸ்தியா இருக்குல்ல? கொஞ்சம் சுடுதண்ணி வேணுமாக்கா?"

குணவதி இரண்டு கம்பளி போர்த்தியிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. சொம்பைப் பார்த்தாள். தனக்கொடியைப் பார்த்தாள். புரிந்துகொண்டவள் போலச் சிரித்தாள். "குடு. உள்ள வா."

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு தட்டு. குணவதி சொம்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தப்பே பண்ண மாட்டீங்களே, அன்னிக்கு என்னாச்சு?" என்றாள் தனக்கொடி. குரலில் தேனைத் தடவித்தான் கேட்டாள்.

"எழவு வீட்டுக்குப் போயிருந்தேன்."

"சொந்தமா?"

"எனக்கு யாரு இருக்கா? உன் சிநேகிதி வீட்டுக்குத்தான்."

சொம்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தனக்கொடி அதையே பார்த்தாள்.

"அந்தப் பையன் வந்து சொன்னது எனக்கும் கேட்டுச்சு. உனக்குக் காய்ச்சல்னாரு உன் வீட்டுக்காரர். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. கூப்பிட்ட வீட்டுலருந்து ஒரு பொம்பளையாவது போக வேணாமா? தனக்கொடி அனுப்பிச்சான்னு சொல்லிட்டு உக்காந்தேன். வந்ததும் படியில உக்காரத்தான் நெனச்சேன். உக்காந்தேன்னா அழுகை நிக்காதுன்னு தோணுச்சு. நேரா உள்ள போயித் திறந்துட்டேன்."

"எனக்கு... எனக்காக ஏங்க்கா?"

குணவதி சொம்பை மடியில் வைத்தாள். "உன்மேல எனக்கு அம்புட்டுப் பொறாமை, அதான்."

"என்மேலயா?"

"உன் வீட்டுக் குழாய் நேரங்கெட்ட நேரத்துல ஓடும். வெறும் தண்ணியா ஓடும். நான் இந்தச் சுவத்துல காத வெச்சிக் கேப்பேன். யாரோ வந்திருக்காங்க, புள்ளைங்க கால் கழுவுது, புருஷன் சேத்தோட வந்து ஏச்சு வாங்குறான். எனக்குக் கங்காணி ஒரு நாளும் தப்பல. தப்புறதுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வரணுமே, தனக்கொடி. ஒரு எழவுக்குக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்ல. அன்னிக்கு உன் பேரச் சொல்லிட்டு நான் போயிட்டு வந்துட்டேன்."

குணவதி வீட்டுச் சுவரில் காது வைத்த இடம் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்திருந்தது. தன் பக்கத்துச் சுவரிலும் அதே உயரத்தில் அப்படி ஒரு கறை உண்டு என்பது தனக்கொடிக்கு ஞாபகம் வந்தது.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. அப்படியே பத்து மாடியும் இறங்கி, சரிவில் இருந்த கட்டடத்துக்குப் போனாள். செவந்தி பாயில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். பதினாறு முடியாத வீடு. மூலையில் விளக்கு எரிந்தது.

"வந்துட்டியா? காய்ச்சல் விட்டுருச்சா?" என்றாள் செவந்தி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அறுத்தது.

தனக்கொடி பக்கத்தில் விழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என் லோடுக்குப் போயித்தானேடி... என் லோடுக்குப் போயித்தானே..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. செவந்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். தீர்ந்த பிறகு செவந்தி மூக்கைச் சிந்தினாள்.

"அன்னிக்கு ஒரு அம்மாவ அனுப்புனியே. பாடைய எடுக்குற வரைக்கும் என் கைய விடல. என்னா சூடான கைடி அவங்களுக்கு."

தனக்கொடிக்குள் பழைய பொறாமை முள்ளாகக் குத்தியது. அந்த இடத்திலும் குத்தியது.

திரும்பி வரும்போது நடுப்பகல். படியில் யாரோ இரண்டு பேர் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்கள். "உங்களுக்கு எப்பம்மா?" என்றார் ஒருவர். அவள் நிற்கவில்லை. கைப்பிடியைத் தொடாமல், கையை மாரோடு கட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் பத்து மாடியும் ஏறினாள். வாசலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"கதவத் திறய்யா. நான் எதையும் தொடல."

மருதை திறந்து, ஒதுங்கி நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். எங்கிருந்து வருகிறாள் என்று அவனுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. "உன் அடுத்த நேரம் சாயங்காலம்தானேடி. இப்பத் திறந்தா வரிசை போயிரும்," என்றான் தணிந்த குரலில்.

"போகட்டும். அந்தக்காவுக்குத்தானே போகும். போகட்டும்."

நேராகக் குளியலறைக்குப் போனாள். பழக்கத்தில் கால் தானாக வாளியைக் குழாய்க்கடியில் தள்ளியது. பச்சைத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். குணவதி பட்டதைப் பட்டுத்தான் ஆக வேண்டும். தன் பங்குக் கடன் அது. குழாயைத் திறந்தாள்.

மெத்தென்று விழுந்தது.

கையை நீட்டினாள். சூடு. முதல் சொட்டிலிருந்தே சூடு. நேரங்கெட்ட நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் போய்வந்த குளியலுக்கு, கங்காணி முன்கூட்டியே தண்ணீரை அனுப்பிக் காத்திருந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பெஞ்சமின் சொன்னது, அன்று காதில் ஏறாமல் போனது, இப்போது ஏறியது. காட்டவே காட்டாததை அது எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறவர்கள் படியில் உட்காருவார்கள் என்றுதான் அதற்குக் கட்டடமே காட்டியிருந்தது. தொடாமல் ஏறி, வாசலில் நின்று, நேராகக் குழாய்க்குப் போகிறவளை அது ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறது. உலகத்தில் தப்பவே தப்பாத குளியல் அது ஒன்றுதான். ஒரு தடவை பார்த்தது அதற்குப் போதுமாக இருந்தது. யாராவது ஒருவர், முதல் எழவன்றே, ஒரே ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். அத்தனை பேரும் படியில் நடுங்கியிருக்க வேண்டாம். ஒரு வீட்டிலும் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த ஒரு வாளியைக் குணவதி ஊற்றிக்கொண்டாள்.

வாளி நிரம்பி வழிந்தது. ஆவி குளியலறைச் சுவரெல்லாம் படிந்தது. வீங்கின விரல்கள் தாமாக விரிந்தன. தனக்கொடி சொம்பை எடுத்தாள். தலையில் ஊற்றக் கை எழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அங்கே ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். நேரமில்லாத நேரத்தில் குழாய் திறந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

"பாவி," என்றாள் தனக்கொடி சுவரைப் பார்த்து. "இதுலயும் நீதான் முந்திக்கிட்டே."